பின்பக்க ஸ்பீக்கர் ஏன் பாடவில்லை?

ஹோம் தியேட்டர் இருக்கும் வீட்டுக்குப் போனால் எனக்கு ஒரு பழக்கம். ஸ்பீக்கரைப் பார்ப்பதற்கு முன்னால், ஒலியைப் பிரித்து எல்லா ஸ்பீக்கருக்கும் அனுப்பும் ரிசீவரின் முன்கண்ணாடியில் என்ன எழுத்து ஓடுகிறது என்று பார்ப்பேன். பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: மல்டி சேனல் ஸ்டீரியோ. சில கம்பெனிகள் ஆல் சேனல் ஸ்டீரியோ என்று பெயர் வைத்திருக்கின்றன. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். வருகிற இரண்டு சேனல் ஒலியை எடுத்து, முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு என்று ஐந்து பெட்டிக்கும் பந்தி பரிமாறிவிடும்.

இந்த செட்டிங்குக்கு நம்மூரில் இருக்கும் மவுசு எனக்குப் புரியாமல் இல்லை. அஞ்சு ஸ்பீக்கருக்குக் காசு கொடுத்திருக்கிறோம், அஞ்சும் பாடினால்தானே கணக்கு நேராகும்? கடைக்காரருக்கும் இதுதான் வசதி. பாட்டைப் போட்டதும் எல்லாப் பக்கமும் சத்தம் வரும், வாங்கியவர் முகம் மலரும், பில்லைப் போட்டுவிடலாம். ஆனால் இந்த "எல்லாமே எப்போதும் பாடணும்" என்ற ஆசைதான் ரிசீவர் செட்டிங்கில் நடக்கும் குளறுபடிகளில் பாதிக்குக் காரணம் என்பது என் கட்சி.

5.1 ஒலியில், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் அடிச்சத்தத்துக்கான ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனியாக ஒலி பிரித்து எடுக்கப்பட்ட படத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி வேலை உண்டு. வசனம் கிட்டத்தட்ட முழுக்க நடு ஸ்பீக்கரில் வரும். இசையும் மற்ற சத்தங்களும் இடம், வலம். பின்னால் இருக்கும் இரண்டும் மழை, கூட்டத்தின் இரைச்சல், கோயில் மண்டபத்தின் எதிரொலி, தலைக்கு மேல் போகும் ஹெலிகாப்டர் போன்றவற்றுக்காகக் காத்திருக்கும். இரண்டு பேர் ஒரு அறைக்குள் உட்கார்ந்து பேசும் காட்சியில் அவற்றில் காதை வைத்தால்கூட ஒன்றும் கேட்காமல் போகலாம். அது பழுது இல்லை. ஒலிக்கலவை செய்தவர் அங்கே ஒன்றும் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

திருச்சியில் இருக்கும் சித்தப்பா ஓய்வுபெற்ற பணத்தில் ஒரு ரிசீவரும், அலமாரியில் வைக்கும் அளவிலான முன் ஸ்பீக்கர் ஜோடியும், ஒரு சென்டரும், பின்னால் மாட்ட இரண்டு சின்னப் பெட்டியும், பத்து இன்ச் சப்வூஃபரும் வாங்கினார். கடையிலிருந்து வந்த பையன் வயரை மாட்டி, சண்டைக்காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டி, காபி குடித்துவிட்டுப் போய்விட்டான். ஒரு வாரத்தில் எனக்கு போன்.

"ஏப்பா, பாட்டு போட்டா தெருமுக்கு வரைக்கும் கேக்குது. படத்துல அவன் என்ன பேசுறான்னு மட்டும் புரியமாட்டேங்குது. சென்டர் ஸ்பீக்கரைப் பெருசா மாத்திரலாமா?"

"ஒண்ணையும் மாத்தாதீங்க சித்தப்பா. ரிசீவர் கண்ணாடில என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

"மல்டி சிஎச் ஸ்டீரியோ."

"ரிமோட்ல இன்ஃபோ பட்டன் இருக்கும் பாருங்க. அதை அமுக்குனா?"

"பிசிஎம்னு வருது. பக்கத்துல ரெண்டு பெட்டி படம்."

வியாதி அங்கேயே தெரிந்துவிட்டது. அவர் பார்த்த படம் 5.1 ஒலியில்தான் இருந்தது. டிவிக்குள் இருந்த ஆப்பில்தான் ஓடியது. ஆனால் டிவி அதை ரிசீவருக்கு அப்படியே அனுப்பவில்லை. தானே பிரித்து, ஐந்து சேனலையும் இரண்டாகக் குழைத்து, பிசிஎம் என்ற சாதாரண ஸ்டீரியோவாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. குழைக்கும்போது நடு சேனல் வசனம் இடத்திலும் வலத்திலும் 3 டெசிபெல் குறைத்துச் சேர்க்கப்படும். பிறகு ரிசீவர் அந்த இரண்டையும் மறுபடி ஐந்து பெட்டிக்குப் போடுகிறது. ஆக, ஒருவர் பேசும் ஒரே வாக்கியம் ஐந்து திசையிலிருந்து, இசையோடு கலந்து வருகிறது. புரியாததில் என்ன ஆச்சரியம்? இதற்கு எவ்வளவு பெரிய சென்டர் ஸ்பீக்கர் வாங்கினாலும் காசுதான் போகும்.

அதனால்தான் ஸ்பீக்கர் மெனுவுக்குள் போவதற்கு முன் இன்புட் பக்கத்தைச் சரிசெய்யுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். உள்ளே வருவது இரண்டு சேனல் என்றால் வெளியே போவதைத் திருத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை.

டிவியின் சவுண்ட் மெனுவில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் என்று ஒரு வரி எங்கோ ஒளிந்திருக்கும். பிசிஎம், ஆட்டோ, பிட்ஸ்ட்ரீம், பாஸ்த்ரூ என்று டிவிக்கு டிவி வேறு வேறு பெயர். பல டிவிகளில் இது பிசிஎம்மிலேயே இருக்கும், ஏனென்றால் அது எந்தப் பெட்டியோடும் ஒத்துப்போகும். வந்த ஒலியை அப்படியே கடத்தும் பாஸ்த்ரூ இருந்தால் அதையும், இல்லாவிட்டால் பிட்ஸ்ட்ரீம் அல்லது ஆட்டோவையும் வையுங்கள். சித்தப்பா அதை மாற்றிய நொடியில் கண்ணாடியில் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற 5.1 ஒலியின் பெயராக எழுத்து மாறியது. போனில் அவர் குரலும் மாறியது.

வயரும் முக்கியம். டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவே எச்டிஎம்ஐ போடும்போது டிவியில் ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும் ஓட்டையில்தான் செருக வேண்டும். ரிசீவரில் அது மானிட்டர் அவுட் என்ற ஓட்டை. படம் போகும் அதே வயரில் ஒலி திரும்பி வரும் இந்த ஏற்பாடு 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது. இது வேலை செய்ய, பெட்டிகள் எச்டிஎம்ஐ வழியே ஒன்றையொன்று கட்டுப்படுத்த உதவும் சி.இ.சி. இரண்டு பக்கமும் இயங்க வேண்டும். அந்தப் பெயரில் தேடினால் டிவி மெனுவில் கிடைக்காது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று ஆளுக்கொரு நாமகரணம். 2017-இல் எச்டிஎம்ஐ 2.1-உடன் வந்த, ஏ.ஆர்.சி.யின் மேம்பட்ட வடிவமான இ.ஏ.ஆர்.சி. இரண்டு பெட்டியிலும் இருந்தால் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ் மாஸ்டர் ஆடியோ போன்ற இழப்பில்லாத ஒலிகளும் அதே வயரில் வரும். சாதாரண ஏ.ஆர்.சி.யில் அவை வராது. ஆனால் ஓடிடி ஆப்களில் வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ்தான், தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸ் என்று காட்டினாலும் அதற்குள் பொதிந்துதான் வருகிறது. ஆப்பில் மட்டும் படம் பார்ப்பவர் இ.ஏ.ஆர்.சி. இல்லையே என்று வருத்தப்பட வேண்டியதில்லை.

எச்டிஎம்ஐ பழசாக இருப்பவர்களுக்கு ஆப்டிகல் வயர் உண்டு. முனையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கும் அந்த வயர். தோஷிபா 1983-இல் கொண்டுவந்த டாஸ்லிங்க் இது. இரண்டு சேனல் பிசிஎம், டால்பி டிஜிட்டல் 5.1, டிடிஎஸ் 5.1, இவ்வளவுதான் இதன் கொள்ளளவு. டால்பி டிஜிட்டல் பிளஸ் இதில் போகாது. அதைச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்பும் டிவிகளும் உண்டு, பேசாமல் ஸ்டீரியோவுக்கு இறங்கிவிடும் டிவிகளும் உண்டு. எது உங்கள் டிவி என்பதை ரிசீவரின் கண்ணாடியே சொல்லிவிடும்.

பழைய டிவிடி பிளேயரைத் தூக்கிப்போட மனசு வராதவர்கள் நம்மில் அதிகம். சித்தப்பா வீட்டிலும் ஒன்று இருந்தது, சிவப்பு-வெள்ளை வயரில். அந்த ஜோடியில் ஸ்டீரியோவுக்கு மேல் எதுவும் வராது. பிளேயரின் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் கோஆக்சியல் என்று ஒரு ஓட்டை இருந்தால் அதிலிருந்து ஒரே ஒரு வயரை ரிசீவரின் கோஆக்சியல் ஓட்டைக்குப் போட்டால் 5.1 முழுசாக வந்துவிடும். இதற்கென்று கடைக்கு ஓட வேண்டாம். பழைய டிவிக்குப் படம் கொடுத்த மஞ்சள் வயரே போதும், அதுவும் 75 ஓம் வயர்தான். ஆனால் ரிசீவருக்கு அந்த ஓட்டை எந்த இன்புட்டுக்குச் சொந்தம் என்று சொல்லித்தர வேண்டும். இன்புட் அசைன் என்ற மெனுவில் டிவிடி என்ற வரிசைக்கு நேரே கோக்ஸ் 1 என்று வைக்க வேண்டும். ரிமோட்டில் இருக்கும் டிவிடி, கேம், மீடியா பிளேயர் எல்லாம் வெறும் பெயர்ப்பலகை. எந்தப் பலகைக்குப் பின்னால் எந்த ஓட்டை என்பதை அந்த மெனுதான் முடிவு செய்கிறது. "படம் வருது, சத்தம் வரலை" என்ற புகாரில் பெரும்பகுதி இங்கே தீர்ந்துவிடும். பிளேயரின் சொந்த மெனுவிலும் டிஜிட்டல் அவுட் பிட்ஸ்ட்ரீம் அல்லது ரா என்று இருக்கிறதா பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. புளூ-ரே பிளேயரோ கேம் பெட்டியோ தானே 5.1-ஐப் பிரித்து எச்டிஎம்ஐயில் அனுப்பினால் ரிசீவரில் மல்டி சேனல் பிசிஎம் என்று காட்டும். அதில் குறையொன்றும் இல்லை. பிசிஎம் என்ற பெயரைப் பார்த்ததும் பதறாமல், எத்தனை சேனல் வருகிறது என்று பாருங்கள்.

இனி ஸ்பீக்கர் மெனு.

பெரும்பாலான ரிசீவர்களோடு ஒரு சின்ன மைக் வருகிறது. டெனான், மராண்ட்ஸ் பெட்டிகளில் ஆடிசி, யமஹாவில் ஒய்பிஏஓ, பயனியரில் எம்சிஏசிசி என்று இந்தத் தானியங்கி அளவீட்டுக்குப் பெயர்கள். உட்காரும் இடத்தில் மைக்கை வைத்தால் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் "ஊய்ங்" என்று ஒரு சத்தம் விட்டு, எது எவ்வளவு தூரம், எவ்வளவு சத்தம், எவ்வளவு கீழ்ஸ்தாயி வரை பாடும் என்று கணக்குப் போடும். கையேட்டில் அறை அமைதியாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அதை எழுதியவர் நம் வீட்டு ஹாலில் ஒரு நாளும் உட்கார்ந்திருக்க மாட்டார். சீலிங் ஃபேன் ஓடினாலே "சுற்றுப்புறச் சத்தம் அதிகம்" என்று திட்டும். ஃபேனை நிறுத்தினால் பக்கத்து வீட்டுக் குக்கர். அது அடங்கினால் தெருவில் பழைய இரும்பு வாங்குபவரின் ஒலிபெருக்கி. ராத்திரி பத்து மணிக்கு மேல், ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ் மூன்றையும் அணைத்துவிட்டு, வேர்த்து வடியச் செய்ய வேண்டிய வேலை இது. பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், சப்வூஃபரின் முறை வரும்போது அவர்கள் பயந்துவிடக் கூடாது.

மைக்கைக் கையில் பிடிக்காதீர்கள், சோபாவின் முதுகில் சாய்த்தும் வைக்காதீர்கள். காது இருக்கும் உயரத்தில் அந்தரத்தில் நிற்க வேண்டும். கேமரா ஸ்டாண்ட் இருந்தால் உத்தமம். சித்தப்பா வீட்டில் ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு, அதன் மேல் நிமிர்ந்து நின்ற டார்ச் லைட்டின் தலையில் செல்லோடேப் ஒட்டி நிறுத்தினோம். முதல் இடம் மட்டும் துல்லியமாக இருக்கட்டும். ஆடிசியில் தூரமும் சத்த அளவும் முதல் அளவீட்டிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன, மற்ற இடங்கள் ஒலித்திருத்தத்துக்கு.

முடிந்ததும் அது போட்ட கணக்கைத் திறந்து பாருங்கள். "ஆட்டோ பண்ணியாச்சு, இனி கை வைக்கக் கூடாது" என்பது ஒரு மூடநம்பிக்கை. குறிப்பாக ஓர் இடத்தில் கை வைத்தே ஆக வேண்டும்.

ஸ்பீக்கர் சைஸ் என்ற வரி. லார்ஜ், ஸ்மால். சித்தப்பாவின் முன் ஸ்பீக்கரில், அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பான கோன் ஐந்தரை இன்ச்தான் இருக்கிறது, ஆனால் ரிசீவர் அதை லார்ஜ் என்று போட்டிருந்தது. மூலையும் சுவரும் சேர்ந்து கீழ்ஸ்தாயியைத் தூக்கிக் காட்டியிருக்கும், மெஷின் ஏமாந்துவிட்டது. நான் ஸ்மாலுக்கு மாற்றியதும் சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இவ்வளவு விலை கொடுத்து வாங்கினதை ஸ்மால்னு போடுறியே?"

"பெட்டியோட உருவத்தைக் கேக்கலை சித்தப்பா. அடிச்சத்தத்தை யாரு தூக்குறதுன்னு கேக்குது. ஸ்மால்னு போட்டாத்தான் சப்வூஃபருக்குப் போகும்."

லார்ஜ் என்றால் 20 ஹெர்ட்ஸ் வரைக்கும் நீயே பாடு என்று அந்தச் சின்னக் கோனிடம் சொல்வதாக அர்த்தம். அது முக்கும், முனகும், ரிசீவரின் ஆம்ப்பும் அதோடு சேர்ந்து திணறும். ஸ்மால் போட்டு கிராஸ்ஓவரை, அதாவது அடிச்சத்தத்தைப் பிரிக்கும் எல்லையை, 80 ஹெர்ட்ஸ் வைத்தால், அதற்குக் கீழே உள்ளதைச் சொந்த ஆம்ப் வைத்திருக்கும் சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும். 80 என்ற எண், திரையரங்கு ஒலிக்குத் தரம் வகுக்கும் டிஎச்எக்ஸ் பரிந்துரைத்தது. அதற்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நம் காதால் சுலபமாகக் கண்டுபிடிக்க முடியாது, அதனால் சப்வூஃபர் எங்கிருந்தாலும் தெரியாது. உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் என்றால் 120, 150 வரை ஏற்ற வேண்டியிருக்கும். மெஷின் ஒரு ஸ்பீக்கருக்கு 110 என்று கொடுத்தால் அதைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது. அது அளந்து பார்த்து, இதற்குக் கீழே இவரிடம் சரக்கில்லை என்று சொன்ன இடம் அது.

பக்கத்திலேயே எல்எஃப்இ பிளஸ் மெயின், டபுள் பாஸ், எக்ஸ்ட்ரா பாஸ் என்று ஏதாவது ஒன்று ஆசை காட்டும். சப்வூஃபரும் முன் ஸ்பீக்கரும் ஒரே அடிச்சத்தத்தைச் சேர்ந்து பாடும் ஏற்பாடு. இதுவும் அதே "எல்லாம் பாடணும்" கட்சியைச் சேர்ந்ததுதான். பத்துக்குப் பதினாறு ஹாலில் இதைப் போட்டால் தபேலாவும் டிரம்ஸும் ஒரே கொழகொழப்பாகிவிடும். அணைத்துவிடுங்கள். எல்எஃப்இ லோ பாஸ் என்ற வரி இருந்தால் அது 120 ஹெர்ட்ஸிலேயே இருக்கட்டும், அது வேறு சமாச்சாரம்: படத்தில் .1 என்று தனியாக வரும் சேனலுக்கானது. சப்வூஃபரின் முதுகில் இருக்கும் கிராஸ்ஓவர் திருகை உச்சத்துக்குத் திருகிவிடுங்கள். பிரிக்கும் வேலையை ரிசீவர் ஏற்கெனவே செய்துவிட்டது.

தூரம். பலரும் அலட்சியமாக விடும் வரி இது. 30 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடுகிறது. ஓர் அடிக்கு ஒரு மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் குறைவு. முன் ஸ்பீக்கர் 10 அடியில், பின் ஸ்பீக்கர் காதுக்கு 4 அடியில் என்றால் பின்னால் இருப்பது 5 மில்லி செகண்ட் முந்திக்கொள்ளும். 5 மில்லி செகண்ட் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து வந்தால், முதலில் எட்டியது எதுவோ அந்தத் திசையில்தான் ஒலி இருப்பதாக மூளை முடிவு கட்டிவிடுகிறது. ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தன் ஆய்வேட்டில் எழுதிய விளைவு இது. கடைப் பையன் எல்லா ஸ்பீக்கரையும் கம்பெனி வைத்த அதே தூரத்திலேயே விட்டுப்போனதால், மல்டி சேனல் ஸ்டீரியோவில் கதாநாயகன் திரையில் வாயசைக்க, குரல் சோபாவுக்குப் பின்னாலிருந்து வந்தது. தூரத்தைச் சரியாகப் போட்டால் ரிசீவர் கிட்டே இருப்பதைத் தாமதப்படுத்தி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காதுக்குச் சேர்க்கும்.

இதில் ஒரு வேடிக்கை. 8 அடியில் இருக்கும் சப்வூஃபரை மெஷின் 13, 14 அடி என்று காட்டும். டேப் எடுத்து அளந்து, "தப்பா காட்டுது" என்று திருத்தப் போகாதீர்கள். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. மெஷின் அந்தத் தாமதத்தையும் அடியாக மாற்றிச் சொல்கிறது. மற்ற ஸ்பீக்கருக்கு டேப், சப்வூஃபருக்கு மெஷின்.

அளவீட்டின்போது ஏதாவது ஸ்பீக்கருக்கு நேரே ஃபேஸ் என்று எச்சரிக்கை வந்தால் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறதா பாருங்கள். ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் ஒரு கோன் வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுக்கும், குரல் நடுவில் நிற்காமல் சுவரோரம் கரைந்துவிடும். ரிசீவரிலிருந்து கழற்றிய வயர் முனையில் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால் போதும்: பிளஸ் சிவப்பில் பட்டால் கோன் முன்னால் தள்ள வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் ஸ்கிப் கொடுத்துவிட்டுப் போங்கள். சில ஸ்பீக்கர்களின் உள்ளமைப்பே மெஷினைக் குழப்பும்.

சென்டர் ஸ்பீக்கர் சம்பந்தமாக இன்னொரு கண்ணி. வயர் கழன்றிருக்கிறது, ஆனால் மெனுவில் சென்டர் உண்டு என்று இருக்கிறது. அப்போது 5.1 படத்தில் இசை, இடி, மின்னல் எல்லாம் கேட்கும், பேச்சு மட்டும் காணாமல் போகும். சென்டரே வாங்காதவர்கள் மெனுவில் இல்லை என்று போட்டுவிட வேண்டும். ரிசீவர் வசனத்தை இடத்துக்கும் வலத்துக்கும் சமமாகப் பங்கிட்டு நடுவிலிருந்து வருவதுபோலவே காட்டிவிடும். ஒருவர் மட்டும் நடுவில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் இதுவே போதும், மட்டமான சென்டரை விட மேல். சென்டர் இருந்தால் அதை ஷோகேஸின் ஆழத்தில், செட்டியார் பொம்மைக்குப் பின்னால் தள்ளாதீர்கள். பலகையின் விளிம்புக்கு இழுத்து, முகத்தைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாயுங்கள்.

பின் ஸ்பீக்கர்களை நம்மூரில் ஹாலின் மூலையில், கூரையை ஒட்டி, ஒட்டடை படியும் இடத்தில் மாட்டுவார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பரிந்துரைப்படி அவை நேர்முன்னிலிருந்து 100 முதல் 120 டிகிரியில், அதாவது காதுகளின் நேர்கோட்டுக்குக் கொஞ்சமே பின்னால் இருக்க வேண்டும். சோபா பின்சுவரை ஒட்டியிருந்தால் பக்கவாட்டுச் சுவர்களில், உட்கார்ந்தவரின் தலைக்கு ஓர் அடி இரண்டடி மேலே மாட்டினால் போதும்.

சத்த அளவை மெஷின் ஓரளவு சரியாகவே வைக்கும். சப்வூஃபருக்கு மட்டும் மைனஸ் 12 என்று கடைசிப் படியில் போய் நின்றால் சப்வூஃபரின் சொந்தத் திருகு அதிகமாக இருக்கிறது என்று பொருள். அதைக் குறைத்துவிட்டு மறுபடி அளக்க விடுங்கள். வசனம் இன்னும் கொஞ்சம் தூக்கலாக வேண்டுமென்றால் சென்டரை மட்டும் 2, 3 டெசிபெல் கூட்டுவதில் பாவமில்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நான் கூட்டிவைத்துவிட்டே வருவேன்.

சப்வூஃபர் வைக்கும் இடத்துக்கு மெனு கிடையாது, முழங்கால்தான் வேண்டும். நம் வீடுகள் காரைச் சுவரும் மொசைக் தரையும். அடிச்சத்தம் வெளியே கசியாமல் உள்ளேயே முட்டிமோதும். 12 அடி நீள அறையில் சுமார் 47 ஹெர்ட்ஸில் ஒலி இரண்டு சுவருக்கும் நடுவே ஊஞ்சலாடத் தொடங்கும். அந்த ஒரு சுரம் மட்டும் சுவரோரம் குமுறும், நட்டநடுவில் காணாமல் போகும். சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து அடிச்சத்தம் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபருக்கு இடம். சித்தி சமையலறை வாசலில் நின்று நான் தவழ்வதைப் பார்த்துவிட்டு, "மோதிரம் ஏதாவது தொலைஞ்சிருச்சா?" என்றார். சப்வூஃபர் அதுவரை இரும்பு பீரோவை ஒட்டி இருந்தது. நாற்பது சொச்சம் ஹெர்ட்ஸ் வந்தபோதெல்லாம் பீரோவின் கைப்பிடி கிர்ரென்று அதிரும். அதைச் சப்வூஃபரின் பழுது என்று நினைத்து வாரண்டி கார்டைத் தேடிக்கொண்டிருந்தார் சித்தப்பா. கதவிடுக்கில் அட்டைத்துண்டு ஒன்றைச் சொருகி, பெட்டியை நான்கடி தள்ளி வைத்ததோடு வாரண்டி பேச்சு முடிந்தது.

எல்லாம் முடித்து, இரண்டு சேனல் ஒலியைப் பிரித்து மற்ற ஸ்பீக்கர்களுக்கும் விரிக்கும் டால்பி சரவுண்ட் என்ற மோடில் விட்டுவிட்டு ஊர் திரும்பினேன். அடுத்த வாரம் மறுபடி போன். "காலையில பழைய பாட்டு போட்டா சென்டர்ல மட்டும்தான் கேக்குது. மத்த நாலும் செத்துப்போச்சு." ஒன்றும் சாகவில்லை. 1960களின் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ. இடமும் வலமும் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருந்தால், இது நடுவில் இருக்க வேண்டிய ஒலி என்று அந்த மோடு முடிவு செய்து சென்டருக்குத் தள்ளிவிடும். பாடகர் ஒரு செருப்புப் பெட்டிக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் ஆகிவிடும். அந்தப் பாட்டுக்கு வெறும் ஸ்டீரியோதான் சரி.

இந்த இடத்தில் மல்டி சேனல் ஸ்டீரியோவுக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். சித்தப்பா காலையில் சோபாவில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதில்லை. பேப்பர் எடுக்கப் போவார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், காபிக்காகச் சமையலறைப் பக்கம் எட்டிப்பார்ப்பார். நடமாடுகிறவருக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. அதற்காகவே உண்டான மோடு அது. ரிமோட்டில் குவிக் செலக்ட் என்று நாலு பட்டன் உண்டு. ஒன்றில் படம், இரண்டில் காலைப்பாட்டு என்று பதிந்துகொள்ளச் சொன்னேன்.

ராத்திரி சத்தத்தைக் குறைத்துப் பார்ப்பவர்களுக்கு இரண்டு வரி. சத்தம் குறையக் குறைய நம் காது அடிச்சத்தத்தை அதிகமாகத் தவறவிடும், ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே வரைந்து காட்டியது. ஆடிசியில் டைனமிக் ஈக்யூ அதை ஈடுகட்டும். பின் ஸ்பீக்கரையும் சேர்த்துத் தூக்கும் பழக்கம் அதற்கு உண்டு, டிவி நிகழ்ச்சிகளுக்கு ரெஃபரன்ஸ் ஆஃப்செட்டை 10 அல்லது 15 வைத்தால் அடங்கும். சண்டையில் காது கிழிகிறது, வசனத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றால் நைட் மோடு அல்லது டைனமிக் கம்ப்ரஷன். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். தூங்கும் குழந்தை இருக்கும் வீட்டில் தூய்மைக்கு என்ன வேலை?

உதட்டசைவும் குரலும் ஒட்டாமல் போவதுதான் கடைசித் தொல்லை. குரல் முந்தி வந்தால் ரிசீவரில் ஆடியோ டிலே என்பதை 20, 20 மில்லி செகண்டாகக் கூட்டிப் பாருங்கள். குரல் பிந்தி வந்தால் ரிசீவரால் ஒன்றும் செய்ய முடியாது, தாமதத்தைச் சேர்க்கத்தான் அதற்குத் தெரியும், எடுக்கத் தெரியாது. டிவியின் ஒலி அவுட்புட் ஆட்டோவில் இருந்தால் பாஸ்த்ரூவுக்கு மாற்றுங்கள், டிவியில் டிலே வரி இருந்தால் பூஜ்ஜியமாக்குங்கள், செட்டாப் பாக்ஸை டிவியில் செருகாமல் நேராக ரிசீவரில் செருகுங்கள். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் கவலை வேண்டாம். ஐடியூ கணக்குப்படி குரல் 45 மில்லி செகண்ட் முந்தினாலே கண்டுபிடித்துவிடும் நாம், 125 வரை பிந்தினால்கூட கவனிப்பதில்லை. தூரத்தில் துணி துவைப்பவரைப் பார்த்துப் பழகிய கண்ணும் காதும் இல்லையா.

எல்லாம் திருப்தியாக அமைந்ததும் மெனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போய்வந்து ரிசீவர் உறைந்து நின்றால், இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கி ரீசெட் செய்யச் சொல்வார்கள் சர்வீஸ்காரர்கள். அதில் தூரம், சைஸ், கிராஸ்ஓவர், இன்புட் அசைன் எல்லாம் கம்பெனிக் கணக்குக்குத் திரும்பிவிடும். படம் கையில் இருந்தால் அந்த எண்களையெல்லாம் கால்மணி நேரத்தில் திரும்பப் போட்டுவிடலாம். ஒலித்திருத்தத்தை மட்டும் எண்ணாகப் போட முடியாது, அதற்கு மறுபடி ராத்திரி பத்து மணிக்கு ஃபேனை நிறுத்த வேண்டும்.